ஊவாத் தேயிலை: பதனிடும் தொழில்நுட்பம்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்து மலைத்தோட்டங்களில் விளையும் கறுப்புத் தேயிலை ஊவாத் தேயிலை எனப்படும். அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பசறை ஆகியவை இதன் முக்கிய இடங்கள். டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றுடன் இதையும் சேர்த்து உலகின் மூன்று சிறந்த கறுப்புத் தேயிலைகள் என ஜப்பானியர் மதிக்கின்றனர்.

இந்த மதிப்பு சில மாதக் காற்றினால் வருவது. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவிலேயே பெய்து தீர்ந்துவிட, யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாப் பக்கம் வறண்ட கச்சான் காற்றே இறங்குகிறது. பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் ஈரம் குறைந்து வளரும் கொழுந்தில் மெதைல் சாலிசிலேட் போன்ற மணப்பொருள்கள் மிகுகின்றன. வலித்தைலங்களில் நாம் முகர்வதும் இதே மெதைல் சாலிசிலேட்தான். கொழுந்தில் இல்லாத மணத்தை எந்த இயந்திரமும் உண்டாக்காது. இருப்பதைக் கெடுக்காமல் காப்பதே இங்கு தொழில்நுட்பத்தின் வேலை.

மடுவம் எனும் நிறுவைக் கொட்டகையில் எடை பார்த்த கொழுந்து தொழிற்சாலைக்கு வந்ததும் முதலில் வாட்டப்படுகிறது. முற்காலத்தில் மேல்மாடியில் சாக்குத்துணித் தட்டுகளில் மெல்லப் பரப்பி உலர்த்தினர். தாமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு அருகே கட்டிய தம்பேதென்ன தொழிற்சாலை போன்ற பல மாடிக் கட்டடங்கள் அந்தத் தேவைக்காக எழுந்தவை. இப்போது நீண்ட தொட்டிகளின் அடியிலிருந்து விசிறிகள் காற்றை ஊதுகின்றன. பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குக்கு மேல் இருக்கும் நீர், இரவு முழுதும் வாடி ஏறத்தாழ ஐம்பத்தைந்துக்கு இறங்குகிறது. இந்த விசிறிகள் மின்சாரத்தை மிகுதியாகக் குடிப்பவை. அதனால் காற்றின் ஈரத்துக்கேற்ப அவற்றின் வேகத்தைக் குறைத்துக் கூட்டும் மின்கருவிகளைப் பொருத்துவது பயனுள்ள மாற்றமாகிறது.

வாட்டலுக்கு அடுத்தது கொழுந்தை உருட்டுவது அல்லது நசுக்குவது. 1930களின் தொடக்கத்தில் அசாமில் மெக்கர்ச்சர் உருவாக்கிய சி.டி.சி. இயந்திரம் கொழுந்தை நசுக்கிக் கிழித்து உருண்டையாக்கும். சாயம் கடுமையாக வரும், ஆனால் நுண்ணிய மணம் மழுங்கும். ஊவாவின் மணத்துக்குப் பழைய உருட்டு முறையே பொருந்துகிறது. கச்சான் காலத்தில் கொழுந்தை நன்றாக வாட்டி, நொதிக்க விடும் நேரத்தைச் சுருக்குவர். நொதித்தல் முடிந்தது என்பதைச் சொல்வது இன்னும் பெரும்பாலும் பதனிடலைக் கவனிக்கும் டீமேக்கரின் மூக்குத்தான். நிறத்தைப் படமெடுத்தும் மணத்தை உணரிகளால் அளந்தும் அதைக் கணிக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன. 

அண்மைய மாற்றங்களில் கண்ணுக்கு நன்றாகத் தெரிவது நிறப்பிரிப்பான். ஓடும் தூளைக் கமரா பார்க்க, செந்நிறக் குச்சியையும் நாரையும் காற்றுப் பீச்சு தட்டிவிடும். முன்பு பெண்கள் உட்கார்ந்து கையால் பொறுக்கிய வேலை இது. தோட்டங்களில் ஆள் குறைந்ததால் கத்தரியும் வெட்டியந்திரமும் புகுந்தன; அவை இரண்டிலையும் மொட்டுமாய்த் தேர்ந்து கிள்ளத் தெரியாமல் முற்றிய இலையையும் தண்டையும் சேர்த்தே வெட்டுவதால், மலையில் வந்த இயந்திரத்தின் குறையைத் தொழிற்சாலை இயந்திரம் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. குச்சியைப் பிரித்துவிடலாம். முற்றிய இலையின் தரக்குறைவை எந்தப் பிரிப்பானும் நீக்காது. ஆகவே கையால் கிள்ளும் திறமைக்குக் கூடுதல் கூலி கொடுப்பதும் தரத்துக்கான முதலீடே.

ஆய்வும் கல்வியும் அருகிலேயே உள்ளன. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையைத் தலைமையிடமாகக் கொண்டு பசறையிலும் இயங்குகிறது. பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தையும் பெறுமதி சேர்த்தலையும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறது. பயின்றவர்களுக்கு ஏற்ற பொதியிடும் ஆலைகளும் பானத் தயாரிப்பும் மலையடிவாரத்திலேயே வர வேண்டும். கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில் மின்னணு முறைக்கு மாறிய பிறகும், ஊவாத் தூள் பெரும்பாலும் மொத்தப் பொதியாகவே மலையிறங்குகிறது.