கொழுந்து சிக்கும் இயந்திரங்கள்: காரணங்களும் பரிகாரங்களும்

மத்திய மலைநாட்டில் கொத்மலை, இறம்பொடை, புசல்லாவை, நாவலப்பிட்டி எனத் தொடரும் பிரதேசங்களில் பகலில் பறிக்கப்படும் கொழுந்து, பெரும்பாலும் இரவு வேளையிலேயே தேயிலையாக மாற்றப்படுகின்றது. தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என்றழைக்கும் தொழிற்சாலையில் அவ்விரவு நடைபெறும் வேலை சீராக அமைந்தால் கொழும்பு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும். சீர்கெட்டால் எத்தனையோ கைகள் பறித்த கொழுந்தின் பெறுமதி ஒரே இரவில் வீணாகிவிடும். அவ்வாறு சீர்கெடுவதற்கு அடிக்கடி காரணமாவது, இயந்திரத்தினுள் கொழுந்து ஒழுங்காகச் செல்லாமல் சிக்கிக்கொள்வதாகும்.

இயந்திரம் அடைபட்டவுடன் இயந்திரம் பழுதாகிவிட்டது என்றோ, அதனருகே நிற்கும் தொழிலாளி கவனமின்றி நடந்துகொண்டார் என்றோ முடிவு செய்வது வழக்கம். எனினும் பல சந்தர்ப்பங்களில் கோளாறு தோன்றுவது அந்த இயந்திரத்தில் அல்ல. அதற்கு முந்திய கட்டத்திலேயே ஆகும். எனவே கோளாற்றைத் தேடுபவர் பின்னோக்கிச் சென்று பார்க்கப் பழக வேண்டும்.

கையிலிருந்து இயந்திரத்திற்கு

புசல்லாவையின் ரொத்சைல்ட் தோட்டத்தில் 1841 இல் மொரிஸ் வோர்ம்ஸ் சீனத் தேயிலையை நட்டார். எனினும் வர்த்தகப் பயிராகத் தேயிலை வேரூன்றியது, 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டதன் பின்னரே ஆகும். தொடக்கத்தில் அங்கு கொழுந்து மேசை மீது கையால் உருட்டப்பட்டது. 1872 இல் டெய்லர் உருட்டும் இயந்திரமொன்றை அமைத்தார். அதே தசாப்தத்தில் அசாமில் வில்லியம் ஜாக்சன் உருவாக்கிய உருட்டு இயந்திரங்கள் பின்னர் தேயிலை விளையும் நாடுகள் பலவற்றிலும் பரவின.

கையால் உருட்டியவர் கொழுந்தின் ஈரத்தை விரல்களால் உணர்ந்து, அதற்கேற்ப அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்தார். இயந்திரத்திற்கு அந்த உணர்வு இல்லை. கொடுக்கப்படுவதை அப்படியே அது ஏற்றுக்கொள்ளும். ஆகவே எவ்வளவு கொழுந்தை, எந்த நிலையில், எந்த வேகத்தில் கொடுப்பது என்பது மனிதன் கவனிக்க வேண்டிய விடயமாயிற்று.

முதலில் பார்க்க வேண்டியது வாட்டம்

பறித்த கொழுந்தில் ஏறத்தாழ 78 சதவீதம் நீராகும். வாட்டும் தொட்டிகளில் காற்றைச் செலுத்தி இதனைச் சுமார் 55 சதவீதத்திற்குக் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். 1000 கிலோ கொழுந்தில் நீர் நீங்கலாக உள்ள பொருள் 220 கிலோ. சரியாக வாடினால் அது 489 கிலோ எடையுடன் இயந்திரத்திற்கு வரும். வாட்டம் போதாமல் 65 சதவீத ஈரம் எஞ்சியிருப்பின் எடை 629 கிலோவாக இருக்கும். அதாவது, 140 கிலோ நீர் மேலதிகமாக இயந்திரங்களுக்குள் செல்கின்றது.

இந்த நீரே கொழுந்தைப் பிசுபிசுப்பாக்கிக் கட்டியாக்குகின்றது. மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேல் பருவமழைக் காலத்தில் அடைப்புகள் அதிகரிப்பதற்கு இதுவே முக்கிய காரணமாகும். கொழுந்தை தொட்டியில் தடிப்பாகக் குவித்தல், மழையில் நனைந்ததையும் நனையாததையும் கலத்தல், சாக்குகளில் நெரித்து ஏற்றி வருதல் ஆகியவை வாட்டத்தை ஒரே சீராக அமையவிடா. கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தி விடும்போது உருண்டை கலையாமல் மெதுவாக விரிந்தால் வாட்டம் நன்று. காம்பு சட்டென ஒடிந்தால் வாட்டம் போதாது. இலை நொறுங்கினால் அளவுக்கு மிஞ்சிவிட்டது.

உருட்டு இயந்திரம்

நிமிடத்திற்கு 40 முதல் 45 வரையான சுற்றுக்களில் இயங்கும் உருட்டு இயந்திரத்தில், கொழுந்தைக் கண்மதிப்பாக அன்றி நிறுத்தே இடுதல் வேண்டும். அளவுக்கு அதிகமாக இட்டால் மேற்பகுதிக் கொழுந்து கீழிறங்கிச் சுழலாது. அடியிலுள்ளது அளவுக்கு மேல் நசுங்க, மேலுள்ளது பச்சையாகவே வெளிவரும். குறைவாக இட்டால் கொழுந்து முறுக்கேறாமல் வழுக்கிச் செல்லும். இரண்டாம், மூன்றாம் உருட்டல்களில் தூள் சலித்து நீக்கப்படுவதால் சரக்கு குறையும். அப்போது இரண்டு இயந்திரங்களின் சரக்கை ஒன்றாக்குவதோ சிறிய இயந்திரத்திற்கு மாற்றுவதோ பொருத்தமாகும்.

மேலிருந்து அமுக்கும் மூடியைத் தொடர்ந்து இறுக்கி வைத்திருப்பதும் தவறாகும். சில நிமிடங்கள் அழுத்தி, பின்னர் தளர்த்தி, கொழுந்து புரளவும் சூடு தணியவும் இடமளிக்க வேண்டும். தூளின் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டாதிருப்பது நல்லது. வாட்டமும் எடையும் சரியாக இருந்தும் கொழுந்து சுழலாவிடின், மேசையில் பதிக்கப்பட்ட வரிச்சட்டங்கள் தேய்ந்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

ரோட்டர்வேன்

1950 களின் பிற்பகுதியில் அசாமின் டொக்லாய் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரோட்டர்வேன், இறைச்சி அரைக்கும் இயந்திரத்தைப் போன்று கொழுந்தை உருளைக்குள் தள்ளி வெட்டி நசுக்குவதாகும். மலையகத்தில் பரவலாகப் பயன்படும் இவ்வியந்திரமே அடைப்புக்கு அதிகம் இலக்காகின்றது. கொழுந்தைக் கூடை கூடையாகக் கொட்டினால் ஒரு கணம் நெரிசலும் மறுகணம் வெறுமையும் ஏற்படும். கடத்திப் பட்டையில் ஒரே தடிப்பாகப் பரப்பி, இடைவிடாது ஊட்டுதலே பரிகாரம். உருட்டியபின் எஞ்சும் கட்டிகளை முதலில் உடைத்துக்கொள்ள வேண்டும்.

ஊட்டல் சீராக இருந்தும் அடைப்பு ஏற்படின், வெளிவாயிலுள்ள முனைத் தகடு மிகையாக மூடப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். அதன்பின் உள்ளே தகடுகளில் படிந்து இறுகிய சாற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். மின்மோட்டாரின் மின்னோட்டம் ஏறிச்செல்வது, அடைப்பு உருவாகின்றது என்பதற்கான முன்னறிவிப்பாகும். இயந்திரம் வேகமெடுத்த பின்னரே ஊட்டலைத் தொடங்குவதும், ஊட்டலை நிறுத்தி உருளை வெறுமையான பின்னரே இயந்திரத்தை நிறுத்துவதும் நல்ல வழக்கங்களாகும்.

உலர்த்தி

நொதித்த தூள் இறுதியாகச் செல்லும் உலர்த்தியில் அடைப்பு கண்ணுக்குத் தெரியாது. தட்டுகள் தொடர்ந்து நகர்ந்துகொண்டிருக்கும். தேயிலை மட்டும் கெட்டுக்கொண்டிருக்கும். சங்கிலித் தட்டு உலர்த்தியில் வெளியேறும் காற்றின் வெப்பம் 52 முதல் 57 பாகை செல்சியஸ் வரை இருத்தல் பொருத்தமானது. அது குறைந்தால் தூள் தடிப்பாகவோ மிகுந்த ஈரத்துடனோ செல்கின்றது என்பது பொருள். அந்நிலையில் தேயிலை உலராமல் அவிந்து சுவையிழக்கும். வெப்பம் உயர்ந்தால் ஊட்டல் போதாது, தேயிலை கருகும். தூளைப் பரப்பும் பகுதியின் உயரத்தைச் சரிசெய்வதே முதற் பரிகாரமாகும். அடுப்பின் வெப்பத்தை மாற்றுவது அதற்குப் பின்னரே ஆகும். ஏறக்குறைய 20 நிமிடங்களில் வெளிவரும் தேயிலையில் சுமார் 3 சதவீத ஈரமே எஞ்சியிருக்க வேண்டும்.

இவற்றுடன் கல், ஆணி, சாக்கு நார், பொலித்தீன் துண்டு என்பனவும் கொழுந்துடன் சேர்ந்து வருவதுண்டு. கடத்திப் பட்டையின் மேல் காந்தம் பொருத்துவது இரும்பை மட்டுமே தடுக்கும். ஏனையவற்றைக் கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே பொறுக்கி அகற்ற வேண்டும்.

கையை விடாதீர்கள்

இவை அனைத்திலும் முதன்மையான விதி ஒன்றுண்டு. இயந்திரம் இயங்கும்போது அடைப்பைக் கையாலோ குச்சியாலோ தள்ளக் கூடாது. ஓரிரு நிமிடங்களை மிச்சப்படுத்த எண்ணி நீட்டிய கை, ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பையே பறித்துவிடக்கூடும். ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. பிரதான மின்னிணைப்பைத் துண்டித்து, மற்றவர் அதனை மீண்டும் இயக்காதவாறு பூட்டிட வேண்டும். சுழலும் பாகம் முற்றாக நின்ற பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். மின்வெட்டினால் நின்றுபோன இயந்திரம் மிகவும் ஆபத்தானது. மின்சாரம் திரும்பும் கணத்தில் அது தானாகவே இயங்கத் தொடங்கலாம்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குப் பாதுகாப்பு வேலி அமைப்பதைக் கட்டாயமாக்குகின்றது. வேலையில் காயமுற்றோருக்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நட்டஈடு வழங்குகின்றது. எனினும் நட்டஈடு இழந்த விரல்களைத் திருப்பித் தராது. அடைப்பை நீக்குவதற்காகக் கழற்றிய காப்பு மூடியை மீண்டும் பொருத்தாமல் வேலையைத் தொடருமாறு எவரையும் பணித்தல் தகாது.

ஒவ்வோர் அடைப்பும் நிகழ்ந்த நேரம், அன்றைய மழை, வாடிய கொழுந்தின் எடை, அடைபட்ட இடம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது பெரும் பயன் தரும். சில வாரங்களிலேயே எந்நாட்களில், எந்தத் தொட்டியின் கொழுந்தில், எந்த முறைமாற்ற வேளையில் கோளாறு தோன்றுகின்றது என்பது தெளிவாகும். இயந்திரத்தின் அருகில் நிற்கும் தொழிலாளியே அதன் ஓசை மாறுவதை முதலில் அறிபவர். அவர் "நிறுத்துங்கள்" என்று கூறும்போது காரணம் கேளாமல் நிறுத்தும் வழக்கம், தேயிலையின் தரத்தையும் காக்கும், கைகளையும் காக்கும்.