தேயிலைக்கு வந்த கோச்சி

கோப்பிக்காக 1867-ல் கண்டியை எட்டிய புகையிரதம், தேயிலைக்காக மலையேறி 1924-ல் பதுளையை அடைந்தது. ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களின் கொழுந்து, பெட்டியாகிக் கொழும்புத் துறைமுகம் சென்றது. கொழுந்தெடுத்தவர்கள் டவுனுக்கு நடந்தார்கள்.

1958-ல் பஸ் சேவை அரசுடைமையானது. அதை நாம் போற்றுகிறோம். ஆனால் பஸ்ஸுக்குப் பாதை வேண்டும். தோட்டப் பாதையோ கம்பனிச் சொத்தாயிருந்தது. பாதை கேட்க வாக்கு வேண்டும். 1948-ன் குடியுரிமைச் சட்டமும் 1949-ன் தேர்தல் சட்டத் திருத்தமும் அதைப் பறித்திருந்தன.

1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. டவுனுக்கு நடந்தவர்களுக்கு, நாட்டைவிட்டுப் போகக் கோச்சி கிடைத்தது: தலைமன்னார்வரை கோச்சி, அப்பால் இராமேஸ்வரத்துக்குக் கப்பல்.

எஞ்சியிருந்தோர்க்கு 2003-ன் சட்டம் குடியுரிமை தந்தது. இனி லயத்து வாசலுக்குப் பஸ் கேட்பது இரத்தலன்று, உரிமை என்போம்.