கோயிலுக்கு முந்திய சபை: பாராமகால் எல்லையில் விசுவாசம் நிலைத்த வரலாறு

சேலம்–ஜோலார்பேட்டை இருப்புப்பாதையில், ஊத்தங்கரை வட்டத்தில் இருக்கிறது சாமல்பட்டி. அதைச் சூழ்ந்த நிலப்பகுதியைப் பழைய ஆவணங்கள் பாராமகால் என்கின்றன. கத்தோலிக்க மறைபரப்பு வரலாற்றில் இது எந்த மிஷனுக்கும் நடு இடமாக இருந்ததில்லை. மதுரை மிஷனுக்கு வடக்கு ஓரம், மைசூர் மிஷனுக்குக் கிழக்கு ஓரம், பிரெஞ்சு சேசு சபையாரின் கருநாடக மிஷனுக்கு மேற்கு ஓரம். ஓரத்தில் இருந்தவர்களுக்குக் குருவானவர் எப்போதாவதுதான் வருவார். அவர் வராத மாதங்களில் விசுவாசம் எதைப் பற்றிக்கொண்டு நின்றது என்பதே இங்கே கேள்வி.

ராபர்ட் தெ நொபிலி 1623இல் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் லியோனார்தோ சின்னமி 1649இல் மைசூர் மிஷனைத் தொடங்கினார். பரப்பு பெரிது, குருக்களோ விரல்விட்டு எண்ணும் அளவு. அந்த இடைவெளியை நிரப்பியவர் உபதேசியார். மந்திரங்களை மனப்பாடம் செய்விப்பது, சாகக் கிடப்பவருக்குப் பக்கத்தில் இருந்து செபிப்பது, குழந்தைக்கு ஆபத்து என்றால் தானே ஞானஸ்நானம் கொடுப்பது, குருவானவர் வருமுன் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆட்களைத் தயார் செய்வது, நடுவில் குடும்பச் சண்டையையும் தீர்ப்பது எனப் பூசை ஒன்று நீங்கலாக ஏறக்குறைய எல்லாம் அவர் பொறுப்பு. வீரமாமுனிவர் 1720களின் பிற்பகுதியில் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியது இவர்களுக்காகத்தான். அது உரைநடை வரலாற்றில் பேசப்படும் அளவுக்கு மிஷன் வரலாற்றில் பேசப்படுவதில்லை. திருச்சபை இவர்கள் தோளில்தான் நிற்கிறது என்று குருக்களே உணர்ந்திருந்ததற்கு அந்நூல் சான்று.

அந்த ஏற்பாட்டுக்குச் சோதனை 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது. போர்ச்சுக்கல் தன் ஆட்சிப்பகுதிகளிலிருந்து 1759இல் சேசு சபையாரை வெளியேற்றியது. 1773இல் போப்பாண்டவர் அந்தச் சபையையே கலைத்தார். 1776இல் பாரீஸ் வேதபோதக சபையிடம் பொறுப்பு போனபோதும் குருக்களின் எண்ணிக்கை போதவில்லை. 1784இல் திப்பு சுல்தான் மங்களூர்க் கத்தோலிக்கரைச் சிறைபிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோனார். பாராமகால் 1792 வரையிலும், ஓசூர் 1799 வரையிலும் மைசூர் ஆட்சிக்குள் இருந்தன. திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் நாட்டுக்குள் போன பிரெஞ்சுக் குரு அபே துபுவா, சிதறிய கிறித்தவர்களைத் தேடித் திரும்பச் சேர்த்தார். அவரே 1823இல் வெளியிட்ட கடித நூலில், இந்தியாவில் கிறித்தவம் தழைக்காது என்று கைவிரித்தார். குருவின் அளவுகோலால் அளந்தால் அந்த முடிவுக்குத்தான் வரமுடியும். ஆனால் திரும்பச் சேர்ப்பதற்கு ஆட்கள் எஞ்சியிருந்தார்களே, அது எப்படி என்று துபுவா கேட்டுக்கொள்ளவில்லை. விடைக்கு யாழ்ப்பாணத்தை ஒப்பிடலாம்: டச்சுக்காரர் 1658இல் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தபின், 1687இல் ஜோசப் வாஸ் என்ற குரு மாறுவேடத்தில் வந்து சேரும்வரை வீட்டுச் செபமே அங்கே சபையாக இருந்தது. இரண்டு இடங்களிலும் நின்றுபோனவை குரு வந்து நிறைவேற்றும் தேவதிரவிய அனுமானங்கள் (திருவருட்சாதனங்கள்). பிழைத்தவை மனப்பாடமும் செபமாலையும்.

19ஆம் நூற்றாண்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1860களில் ரயில் வந்தது. 1895இல் மிசூரி லுத்தரன் சபையின் தியோடர் நேதர் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கி, 1904இல் பிளேக் நோயில் இறந்தார். சீர்திருத்தச் சபைகளின் பள்ளிக்கூடக் கொட்டகையே ஞாயிறன்று ஆராதனை இடமாவது தமிழகமெங்கும் இருந்த வழக்கம். கத்தோலிக்கர் பக்கம் 1930இல் சேலமும், அதைப் பிரித்து 1997இல் தருமபுரியும் மறைமாவட்டங்களாயின. இன்று தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களும் அதனுள் அடங்கும். ஓரமாக இருந்த பகுதிக்குத் தனி மறைமாவட்டம் வர இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை இந்த வரலாற்றைத் தலைகீழாக்கியது. 1980இல் அசோக் லேலண்ட், அதையொட்டிய ஆண்டுகளில் டிவிஎஸ், டைட்டன் என ஆலைகள் எழுந்தன. நெல்லை, தூத்துக்குடி, குமரியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முன்பு சபை மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, குருவானவர்தான் தொலைவில் இருந்தார். இப்போது மக்களே தம் கோயிலை விட்டு வந்திருக்கிறார்கள். ஊர்ச் சபைக்குச் சங்கம் (சந்தா) கட்டுவதையும், அசனப் பண்டிகை என்னும் சபை விருந்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊர் போவதையும் விடாதவர்கள் உண்டு. எல்லையோரம் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்குவதால், ஆராதனை எந்த மொழியில் என்பதும் அவர்களுக்கு ஒரு கேள்வி. தடையாக நிற்பது தூரம் மட்டுமல்ல, ஷிப்ட்டும்தான்: ஆலைக்கு எல்லா ஞாயிறும் விடுமுறை நாள் அல்ல.

ஆகவே வாடகை வீட்டு முன்னறையில் செபக்கூட்டம், கத்தோலிக்கருக்கு அன்பியம் என்னும் அக்கம்பக்கக் குழு. நடத்துபவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டு அக்காவோ ஓய்வுபெற்ற வாத்தியாரோதான். 2020இல் ஊரடங்கால் கோயில்கள் மூடப்பட்டு, தமிழ்நாட்டில் செப்டம்பர் 1இல் மீண்டும் திறக்கும்வரை, பெரும்பாலான ஊர்களில் இதே நிலைதான்.

உபதேசியார் செய்த வேலை பெயரில்லாமல் திரும்பியிருக்கிறது என்பேன். ஒரு வேறுபாடு உண்டு. உபதேசியாருக்கு மிஷனின் அதிகாரம் பின்னால் இருந்தது, கணக்கும் கேட்டார்கள். முன்னறைச் செபத்தை நடத்தும் அக்காவிடம் யாரும் கணக்கு கேட்பதில்லை. அந்தச் செபம் நாளடைவில் தனிச் சபையாகப் பிரிந்துபோவதும் உண்டு. பழைய சபைகள் இதைக் குறையாகப் பேசுகின்றன. ஷிப்ட்டுக்கு ஏற்ற வழிபாட்டு நேரத்தை வைத்தபிறகு பேசினால் பொருந்தும். கத்தோலிக்கருக்காவது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: சனிக்கிழமை மாலைத் திருப்பலி கண்டால் ஞாயிறு கடன் தீர்ந்தது.