தெப்பக்காட்டின் மழைக் கணக்கு

நீலகிரியின் முதுமலைக் காட்டில் மாயாற்றங்கரையில் இருக்கும் தெப்பக்காட்டுக்கு மேற்கே, கூடலூர்ப் பக்கத்தில், ஆண்டு மழை 2,000 மி.மீ. அளவை எட்டுகிறது. கிழக்கே மசினகுடி தாண்டினால் 600 முதல் 800 மி.மீ. கிடைத்தாலே பெரிது. கூடலூரிலிருந்து மசினகுடிக்கு ஏறத்தாழ 25 கி.மீ. தூரம்தான். வானிலை அறிக்கைகளில் அடிபடும் பல சொற்களுக்கு இந்த 25 கி.மீ. சாலையே விளக்கம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் ஈரத்தைச் சுமந்துவந்து மலையில் முட்டி மேலேறுகிறது. ஈரம் நிறைந்த காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் சுமார் 6 டிகிரி குளிர்கிறது. நீராவி சுருங்கி மேகமாகி, காற்று வரும் பக்கத்துச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. இது மலைத்தடை மழை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் பெய்தது இவ்வகைதான். ஈரத்தை இழந்த காற்று மறுபுறம் இறங்கும்போது கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வரை சூடேறுகிறது. சூடேறும் காற்றில் மேகம் நிற்காது. மசினகுடி இந்த மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. தெப்பக்காடு அதன் வாசலில்.

நீலகிரியில் வானிலையை முறையாகப் பதிவுசெய்யும் முயற்சி 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கியது. சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த டி. ஜி. டெய்லரின் காலத்தில், 1847-ல், தொட்டபெட்டா உச்சியில் வானிலைப் பதிவு நடந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது 1875-ல். ஆனால் மலைக்குள் மழைக் கணக்கைப் பழக்கமாக்கியவை எஸ்டேட்டுகள். காலையில் மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து பதிவேட்டில் எழுதுவது எஸ்டேட் ஆபீசின் அன்றாட வேலை. அங்கே மழைக்கு அளவு இஞ்சு. ஓர் இஞ்சுக்கு 100 சென்ட். ‘நேத்து 40 சென்ட் மழை’ என்றால் சுமார் 10 மி.மீ. இன்று வானிலைத் துறை 2.5 மி.மீ.யோ அதற்கு மேலோ பெய்த நாளை மழை நாள் என்கிறது. எஸ்டேட் கணக்கில் அது பத்து சென்ட். ஒரே நாளில் 64.5 மி.மீ.யை எட்டினால் கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை.

காட்டு வணிகமும் இந்த மேற்கு-கிழக்கு மழை வேறுபாட்டை ஒட்டியே நடந்தது. தேக்குக்கு நல்ல மழையும் வேண்டும், அதைத் தொடர்ந்து சில மாத வறட்சியும் வேண்டும். முதுமலையின் மேற்குப் பாதியில் இரண்டும் கிடைத்தன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலம்பூர் நில உடைமையாளரான திருமுல்பாடிடமிருந்து இந்தக் காட்டைச் சென்னை அரசு குத்தகைக்கு எடுத்ததற்கு மரமே காரணம். மரம் இழுக்க யானைகள் தேவைப்பட்டன. அவற்றுக்காக வந்ததுதான் தெப்பக்காடு முகாம். இன்று அங்கே வருபவர்கள் பாகன்களும் அவர்களின் உதவியாளர்களான காவடிகளும் யானைக்குக் கவளம் ஊட்டுவதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முகாமை உருவாக்கிய மரம் இழுக்கும் வேலை பலர் நினைவில் இல்லை. கிழக்குப் பாதியின் முட்புதர்க் காட்டில் இழுத்து வர அப்படி மரம் ஏதும் இருக்கவில்லை. 1940-ல் முதுமலை சரணாலயமானது. 2007-ல் புலிகள் காப்பகம்.

ஆற்றின் கணக்கு வேறு. மாயாற்றுக்குத் தண்ணீர் தருவது தெப்பக்காட்டு மழை மட்டுமல்ல. மேலே பைக்காரா நீர்ப்பிடிப்பில் பெய்வதும்தான். 1932-ல் மின் உற்பத்தி தொடங்கியதிலிருந்து அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு குழாய்களுக்குள் போகிறது. பருவமழை வலுத்து பைக்காரா அணையிலிருந்து உபரி நீர் திறக்கப்பட்டால், தெப்பக்காட்டில் தூறல்கூட இல்லாத நாளிலும் தரைப்பாலம் மூழ்கியதுண்டு; மசினகுடிப் போக்குவரத்து நின்றதுண்டு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கே அதிகம். அந்த மழை குறையும்போது ஊட்டியில் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. தெளிந்த இரவில் தரை வெப்பத்தை இழக்க, அதன்மேல் குளிர்ந்த கனமான காற்று பள்ளங்களில் தேங்குகிறது. உயரப் போகப் போகக் குளிர வேண்டிய காற்று, அங்கே மேலே சூடாகவும் கீழே குளிராகவும் நிற்கிறது. வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பது இதுவே. காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் புல் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் தாழ்ந்த தெப்பக்காட்டில் உறைபனி இல்லை. இலை உதிர்ந்த காடும் காய்ந்த புல்லும்தான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீக் காலம். மூட்டுவது பெரும்பாலும் மனிதக் கை என்றாலும், பரவவிடுவது வறட்சி. அதனால் முன்னதாகவே தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்படுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் சூடான தரைக்காற்று செங்குத்தாக எழுந்து மாலையில் இடியுடன் பொழிகிறது. இந்த வெப்பச் சலன மழை ஓரிடத்தில் கொட்டி, அடுத்த மேட்டைத் தொடாமலும் போகும். கோடைத் தீயை அடக்குவது பெரும்பாலும் இதுவே. மழை, வறட்சி, தீ ஆகியவற்றுக்கு மரங்கள் எப்படி ஈடுகொடுக்கின்றன என்பதைக் கணக்கெடுக்க, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1988-ல் முதுமலையில் 50 ஹெக்டேர் ஆய்வு நிலம் ஒன்றை அமைத்தது. அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டு, வளர்ச்சியையும் சாவையும் பதிவுசெய்கிறார்கள்.