நெய்க்கு ஒரு எண்

வெண்ணெய் காறிப்போனால் வருகிற வாடைக்கு முக்கியக் காரணம் பியூட்டிரிக் அமிலம். கிண்டி ஆய்வகத்தில் நெய் மாதிரிகளைச் சோதித்தே பென்ஷன் வரை வந்தவன் நான். சாயங்காலம் மந்தைவெளி பஸ்ஸில் ஏறினால் சட்டையெல்லாம் அந்த வாடைதான். பக்கத்து சீட்டில் யாரும் உட்காராதது ஒரு சௌகரியம்.

செவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1810களில் பியூட்டிரிக் அமிலத்தை வெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார். பால் கொழுப்பின் எடையில் நூற்றுக்கு 3, 4 பங்கு இது உண்டு. நல்லெண்ணெயிலோ கடலை எண்ணெயிலோ மிருகக் கொழுப்பிலோ கிடையாது. நெய்க் கலப்பட வழக்குகளெல்லாம் நின்றது இந்த வித்தியாசத்தின் மேல்தான்.

1917இல் கல்கத்தா நெய்யில் மிருகக் கொழுப்பு கலந்த விவகாரம் வெடித்து, அந்தணர்கள் ஹூக்ளிக் கரையில் கூடிப் பிராயச்சித்தம் செய்தார்கள். 1918இல் சென்னை மாகாணமும் கலப்படத் தடைச் சட்டம் போட்டது. 1937இல் டால்டா என்ற வனஸ்பதி வந்தது. அக்மார்க் சட்டமும் அதே வருடம்தான். மயிலாப்பூர், தி.நகர் மளிகைக் கடைகளில் பனைமரம் போட்ட டால்டா டின் ஏறியபின் நெய்யில் கலக்க வெளியே தேட வேண்டியதில்லை. வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று அரசு விதித்தது காட்டிக்கொடுக்கத்தான். நல்லெண்ணெய் இருந்தால், சர்க்கரையும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் குலுக்கியதும் சிவப்பு காட்டும். வேறு கொழுப்பைக் கலந்தவனை இந்தச் சோதனை பிடிக்காது.

அவனுக்குத்தான் ஆர்.எம்., அதாவது ரைஷர்ட்–மெய்சல். 5 கிராம் நெய்யைக் காஸ்டிக் சோடாவும் கிளிசரினும் விட்டுச் சோப்பாக்க வேண்டும். அதில் கந்தக அமிலம் விழுந்ததும் பியூட்டிரிக் அமிலம் விடுபட்டு ஹால் முழுக்க நாறும். தீயை ஏற்றி இறக்கி, 20 நிமிடத்தில் 110 மில்லி வடித்தாக வேண்டும்; ஒரு நிமிடம் முன்பின்னாகலாம், அதற்கு மேல் போனால் மறுபடி முதலிலிருந்து. வடிநீரில் 100 மில்லியை எடுத்து, இளஞ்சிவப்பு நிற்கும்வரை காரம் சொட்டவிட்டுக் கணக்குப் போட்டால் எண் கிடைக்கும். அக்மார்க் நெய்க்குப் பொதுவாக 28க்குக் குறையக் கூடாது. தேங்காயெண்ணெய் 6, 7 காட்டும். வனஸ்பதி 1கூடத் தொடாது.

பருத்திக்கொட்டை தின்ற மாட்டின் நெய்யில் இந்த எண் இறங்கிவிடும். பருத்திக்கொட்டை போடும் பகுதிகளுக்குத் தனி வரம்பு வைத்தது நியாயம். இல்லாவிட்டால் யோக்கியனும் மாட்டுவான்.

 

இன்றைக்கும் மயிலாப்பூர் லஸ்ஸில் பார்க்கிறவர்கள் புறங்கையில் நெய்யைத் தேய்த்து நீட்டி, "சார், மோந்து பாருங்க, நல்ல நெய்தானே?" என்கிறார்கள். சொல்ல முடியாது. நல்ல நெய்யில் பியூட்டிரிக் அமிலம் கொழுப்போடு கட்டுண்டு கிடக்கும், வாடையே வராது. மணம் பெரும்பாலும் காய்ச்சும்போது சிவந்த கசண்டு கொடுத்தது. எசென்ஸ் விட்டாலும் வரும். அமிலத்தின் கட்டை அவிழ்ப்பது ஈரமும் கிருமியும். ஆகவே வெண்ணெயைச் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். ஜாடிக்குள் ஈர ஸ்பூனைப் போடாதீர்கள்.