வெள்ளியில் பதிந்த வரலாறு: சிட்னி – எம்டன் நினைவுப் பதக்கம்

பழம்பொருள் ஒன்று கையில் கிடைத்தால் இரண்டு வினாக்கள் எழுகின்றன. இஃது யாது? இதன் மதிப்பு எவ்வளவு? முதல் வினாவிற்கு விடை காணுமுன்பே இரண்டாம் வினாவிற்குத் தாவுவது மக்கள் இயல்பு. வரலாறு பயில்வோரோ முதல் வினாவிலேயே நெடுநேரம் நிற்றல் வேண்டும். இவ்வுண்மையை விளக்கச் சிட்னி – எம்டன் நினைவுப் பதக்கம் ஏற்றதொரு சான்றாகும். அது சென்னைக்கும் பினாங்குக்கும் தொடர்புடைய ஒரு கதையின் முடிவில் பிறந்த பதக்கம்.

முதல் உலகப் போர் மூண்டபோது, சீனக் கடற்கரையில் சிந்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்தது எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல். கார்ல் வான் முல்லர் அதன் தலைவர். இந்துமாக் கடலுள் தனித்துப் புகுந்த அக்கப்பல், 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தைத் தாக்கி எண்ணெய்க் கிடங்குகளுக்குத் தீயிட்டது. அஞ்சத்தக்க சூழ்ச்சிக்காரனை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கு தமிழில் தோன்றியது அதனாலேயே. அக்டோபர் 28ஆம் நாள் வைகறையில், மூன்று புகைபோக்கிகள் கொண்ட அக்கப்பல் பொய்யாக நான்காவது ஒன்றை அமைத்துக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்தது. உருசியாவின் செம்சுக், பிரான்சின் மூஸ்கே ஆகிய இரு போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. நவம்பர் 9ஆம் நாள், அக்காலத்தில் சிங்கப்பூர் ஆளுகையைச் சார்ந்திருந்த கோகோஸ் தீவுகளின் அருகே, ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் போர்க்கப்பல் அதனை எதிர்கொண்டது. சிட்னியின் பீரங்கிகள் வலியவை. சிதைந்துபோன எம்டன் வடகீலிங் தீவின் பவழப் பாறையில் மோதி நின்றது.

அக்கப்பலிலிருந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மெக்சிகோ வெள்ளி நாணயங்கள் மீட்கப்பட்டன. செருமானியக் கப்பலில் மெக்சிகோ நாணயம் இருந்தது ஏன்? அன்று சீனக் கடற்கரை வணிகத்தில் எங்கும் செல்லுபடியான பணம் அதுவே. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அந்நாணயம் நெடுங்காலம் புழங்கிற்று. 1903ஆம் ஆண்டில்தான் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி வெள்ளி நாணயம் வெளிவந்தது. நாம் பணத்தை 'வெள்ளி' என்று வழங்குவது அக்காலத்தின் எச்சமே.

மீட்ட நாணயங்களுள் ஏறத்தாழ 1,000 நாணயங்களை, சிட்னி நகரின் கெர் என்னும் நகைத் தொழிலகம் பதக்கங்களாக்கியது. நாணயத்தின் மேல்விளிம்பில் முடிச்சின்னமும், இரு கப்பல்களின் பெயர்களும், போர் நடந்த நாளும் தாங்கிய வெள்ளிப் பட்டை பொருத்தப்பட்டது. சிட்னிக் கப்பலின் மாலுமிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் வழங்கியவை போக எஞ்சியவை பொதுமக்களுக்கு விற்கப்பட்டன.

இனி, இனங்காணும் முறையைக் காண்போம். முதலில் நாணயத்தை ஆராய்க. ஒரு பக்கத்தில் கள்ளிச்செடியின்மேல் அமர்ந்து பாம்பைப் பற்றிய கழுகும், மறுபக்கத்தில் ஒளிக்கதிர் சூழ்ந்த விடுதலைத் தொப்பியும் இருத்தல் வேண்டும். நாணயத்தின் எடை மட்டும் 27 கிராம் அளவினது. பட்டையும் சேர்வதால் பதக்கத்தின் எடை அதனினும் மிகும். அடுத்து ஆண்டினை நோக்குக. 1914க்குப் பிற்பட்ட நாணயம் எம்டனில் இருந்திருக்க இயலாது. ஆண்டெண்ணும் ஏமாற்றக்கூடும். 1898ஆம் ஆண்டின் ஒரு பெசோ நாணயம், 1949இல் அதே ஆண்டெண்ணுடன் மீண்டும் அச்சிடப்பட்டது. மூல நாணயத்தின் ஓரத்தில் 139 மணிப்புள்ளிகள். மறு அச்சில் 134. 134 புள்ளிகள் உடையதெனின் அப்பதக்கம் போலியே. கண்ணாடி கொண்டு புள்ளிகளை எண்ணும் பொறுமையே ஈண்டு ஆராய்ச்சியாகிறது.

மெய்ப்பதக்கமே ஆயினும் அது சொல்லாததை நாம் சொல்லலாகாது. பொதுமக்களுக்கும் விற்கப்பட்டமையால், 'இதனை வைத்திருந்த எம் பாட்டனார் அப்போரில் ஈடுபட்டார்' என்பதற்குப் பதக்கம் மட்டும் சான்றாகாது. கடிதமோ பணிப்பதிவோ துணை நிற்றல் வேண்டும். பட்டையில்லாத மெக்சிகோ நாணயத்தை எம்டனின் நாணயம் என்று கூறவும் தனிச்சான்று தேவை.

மதிப்பீடும் இதன் வழியே அமையும். நாணயத்தில் உள்ள தூய வெள்ளி ஏறத்தாழ 24 கிராமே. அதற்கு மேற்பட்ட மதிப்பு முழுவதும் வரலாறு தந்தது. உண்மைத்தன்மை, கேடுறா நிலை, கைமாறி வந்த வழிக்குரிய ஆவணம் ஆகியவற்றால் உயர்வது. நம் இல்லங்களில் வெள்ளிப் பொருள்களைத் திருநீறிட்டுத் துலக்குவர். பதக்கத்திற்கு அது செய்தல் தவறு. பளபளப்பு கூடும், நுண்ணிய பொறிப்புகள் தேயும், மதிப்புக் குறையும்.

இறுதியாக ஒன்று. பதக்கத்தில் இரு கப்பல்களின் பெயர்கள் உள்ளன. மாண்டவர் பெயர் ஒன்றும் இல்லை. எம்டனில் நூற்றுக்கு மேற்பட்டோரும் சிட்னியில் நால்வரும் உயிர் துறந்தனர். பினாங்கில் மாண்ட உருசிய மாலுமிகளுக்கு வெஸ்டர்ன் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் நினைவுச்சின்னம் உண்டு. பதக்கம் வென்றவரின் நினைவு. கல்லறை வீழ்ந்தவரின் நினைவு. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க மாணவர்க்குக் கற்பிப்பதே வரலாற்றாசிரியரின் கடமை. வெள்ளியின் விலையை வணிகர் கூறுவர். அதன் பொருளை நாமே கூறுதல் வேண்டும்.