உப்பும் பாக்கும் சுமந்த தவளம்

கலகெதர மடிகே, மடிகே மிதியால. இந்த ஊர்ப் பெயர்களில் வரும் 'மடிகே' என்ற சொல்லுக்குப் பின்னால் நமது மூதாதையரின் தொழில் இருக்கிறது.

கண்டி மன்னர் காலத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனித்த அரச பிரிவுதான் மடிகே. அதில் பெரும்பாலும் முஸ்லிம்களே இருந்தார்கள். மன்னர் காணி கொடுத்தார், அவர்கள் அரசாங்கப் பொருட்களைச் சுமந்தார்கள். மற்ற நேரத்தில் சொந்த வியாபாரம்.

கண்டிக்கு உப்பு இல்லை, கருவாடு இல்லை. 1766 ஒப்பந்தத்தோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. புத்தளம் போன்ற கரையோர ஊர்களிலிருந்து உப்பு, கருவாடு, புடவை மலையேறின. மலைநாட்டிலிருந்து பாக்கும் மிளகும் இறங்கின. வண்டிப் பாதை இல்லாத காட்டு வழியில், முதுகின் இரு பக்கமும் பொதி தொங்க, மணி கட்டிய மாடுகள் வரிசையாக நடக்கும். அதுதான் தவளம்.

கிராமத்தவரிடம் காசு குறைவு. உப்புக்குப் பாக்கு, புடவைக்கு மிளகு என்று பண்டமாற்றே அதிகம். அளவு சரியா, உப்பில் மண் கலந்திருக்கிறதா என்று பார்க்க அதிகாரி எவரும் கூட வரவில்லை. ஆனால் வியாபாரி அதே பாதையில், அதே வீட்டு வாசலுக்குத் திரும்பி வர வேண்டும். ஒரு முறை ஏமாற்றினால் அந்தப் பாதையே அவருக்கு அடைபட்டுப் போகும். சிங்களக் கிராமங்களின் நடுவே முஸ்லிம் குடியிருப்புகள் வேரூன்றியதில் இந்த நம்பிக்கைக்கும் பங்குண்டு.

1820களில் கொழும்பு - கண்டி வீதி வந்தது, 1867இல் ரயில் வந்தது. தவளம் மெல்ல மெல்ல ஓய்ந்தது. மாடு போனாலும் கணக்கு அதேதான்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நமது கடைகளைப் பகிஷ்கரிக்கச் சொன்ன குரல்களைக் கேட்டோம். 2022 நெருக்கடியில் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. மொத்த வியாபாரி கடன் கொடுக்கப் பயந்தார், சில்லறைக் கடைக்காரர் கடன் கொப்பியை மூடினார். ஒரு கண்ணி அறுந்தால் தோட்டத்து மரக்கறிக்காரர் முதல் மூலைக்கடை வரை எல்லோருக்கும் அடி.

அறுந்ததை மேடைப் பேச்சு ஒட்டாது. சரியான நிறை, சொன்ன தவணையில் காசு, பதுக்காத சாமான், இன்னார் இவரென்று பாராத ஒரே விலை. இவைதான் ஒட்டும். சட்டம் இதில் பாதியைத்தான் செய்யும். மீதி நம் கையில்.

உங்கள் ஊரிலும் தவளம் போன பாதை இருந்திருக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.